சாவி கொடுக்கும் கடிகாரமும் தானே ஓடும் கடிகாரமும்

கைக்கடிகாரம் வாங்கச் செல்பவர் முன் இன்று கடைக்காரர் இரண்டு தட்டுகளை எடுத்து வைக்கிறார். ஒன்றில் கனத்த எஃகுக் கூடு, இருட்டில் ஒளிரும் முட்கள், சுழலும் விளிம்பு, எஃகுச் செயின். கையை அசைத்தாலே ஓடும், நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்பார். அதற்கு 'ஸ்போர்ட்ஸ் ஆட்டோமேட்டிக்' என்று பெயர். மற்றதில் மெலிந்த வட்டம், வெள்ளை டயல், அலங்காரமற்ற முட்கள், தோல் வார். தாத்தாவின் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தது போல் இருக்கும். அது 'விண்டேஜ் டிரெஸ் வாட்ச்'. முன்னது உழைப்புக்கும் விளையாட்டுக்கும், பின்னது விருந்துக்கும் விழாவுக்கும் என்பது இவ்வணிகத்தின் இலக்கணம். இந்த இலக்கணம் ஐரோப்பாவில் எழுதப்பட்டது. நம் ஊர் மணிக்கட்டுகளின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது ஏறத்தாழத் தலைகீழாகிவிடுகிறது.

'சாவி கொடுத்தல்' என்ற வழக்கிலிருந்து தொடங்கலாம். கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகைச் சுற்றி உள்ளிருக்கும் வில்லை முறுக்கேற்றுவதை நாம் அப்படித்தான் சொல்கிறோம். திருகுக்கும் சாவிக்கும் என்ன உறவு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பைக்கடிகாரங்களுக்குத் தனியே ஒரு சிறு சாவி உண்டு. அதைத் துளையில் செருகித் திருப்ப வேண்டும். பிறகு சாவி போய்த் திருகு வந்தது. மொழி மட்டும் சாவியைக் கீழே போடவில்லை. (சுவர்க்கடிகாரத்தின் சாவி வெகுகாலம் நீடித்தது. வழக்கு நிலைத்ததற்கு அதுவும் காரணமாகலாம்.)

'கடிகாரம்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'கடிகை' அதனினும் பழையது. ஒரு கடிகை என்பது ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். திருத்தணியிலிருந்து மேற்கே சென்றால் வரும் சோளிங்கருக்குத் திருக்கடிகை என்று பெயர். அம்மலையில் ஒரு கடிகை நேரம் தங்கினாலே வீடுபேறு என்பது வைணவ நம்பிக்கை. திருத்தணி மலைக்கோ ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பது மரபு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். ஒரு மலை நாழிகையைப் பெயரில் வைத்திருக்கிறது, அடுத்த மலை ஆண்டைப் படிகளில் வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே வாழ்ந்தவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு கருவி தேவைப்பட்டது வெகு பிற்காலத்தில்தான்.

அதைத் தேவையாக்கியவற்றுள் ரயில் முதன்மையானது. சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாக மும்பைக்குச் செல்லும் தடத்தில் திருத்தணி ஒரு நிலையம். 1906-ல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வருமுன் ரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தையே பின்பற்றின. இன்றைய நேரத்துக்கு அது ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. வண்டி பிடிக்க நாழிகைக் கணக்குப் போதாது, நிமிடம் வேண்டும். ஆயினும் அந்த நிமிடம் நிலையத்துச் சுவரில் இருந்ததே தவிர, நடந்து வந்தவர் கையில் இல்லை.

ஐரோப்பாவிலும் ஆண்கள் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது முதல் உலகப் போரில்தான் பரவலாயிற்று. அதற்குமுன் அதைப் பெண்களின் நகை என்றே கருதினர். பதுங்குகுழியில் கிடப்பவன் சட்டைப் பையைத் துழாவி நேரம் பார்க்க முடியாது என்பதால் நகை கருவியாயிற்று. அந்தப் போரில் பணியாற்றிய ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலக் கடிகாரத் தொழிலாளி ஒன்றைக் கவனித்தார். திருகு நுழையும் துளை வழியே தூசியும் ஈரமும் புகுந்து கடிகாரங்கள் பழுதாகின்றன. துளையை அடைக்க வேண்டுமானால் திருகு அங்கே இருக்கக் கூடாது. திருகு இல்லையென்றால் வில்லை வேறு யார் முறுக்குவது? அணிந்தவரின் கையசைவே முறுக்கட்டும் என்று உள்ளே ஓர் எடைத்துண்டை ஆடவிட்டார். யோசனை அடியோடு புதியதன்று. 1770-களிலேயே பெர்ரலே என்ற சுவிஸ்காரர் பைக்கடிகாரத்தில் இதை முயன்றிருக்கிறார். ஆனால் கைக்கடிகாரத்தில் இதற்குக் காப்புரிமை 1924-ல் ஹார்வுடுக்குத்தான் கிடைத்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அவர் நிறுவனம் மூழ்கியது. 1931-ல் எடைத்துண்டை முழுவட்டமாகச் சுழலவிட்டு ரோலெக்ஸ் அவ்வழியைத் தொடர்ந்தது. தானே ஓடும் கடிகாரத்தைச் சோம்பேறிகளின் வசதி என்று எண்ணுவோர் உண்டு. அது பிறந்தது தூசிக்கு எதிராக.

அதே 1931-ல் இந்தியாவை முன்னிட்டு இன்னொன்று பிறந்தது. இங்கே போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்தன. அதற்குத் தீர்வாக, கூட்டையே புரட்டி முகத்தை உள்பக்கமாக மறைத்துக்கொள்ளும் செவ்வகக் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தனர். அதுதான் ஜேகர்-லெகூல்த்ரின் ரிவர்சோ. குதிரை மேல் உட்கார்ந்து பந்தடிப்பதற்கென்று செய்த அக்கடிகாரம் இன்று கோட்டும் டையும் அணியும் மாலைகளுக்கு உரியது என்று பட்டியலிடப்படுகிறது. கார்ட்டியே 1904-ல் விமானி சாந்தோஸ்-துமோன் பறப்பதற்காகச் செய்து கொடுத்ததும் அவ்வாறே விருந்துக்கு வந்து சேர்ந்தது. மறுபுறம், 1950-களில் முக்குளிப்போருக்காக உருவான கனத்த கடிகாரங்களை இன்று குளிரூட்டிய அறைக்குள் கூட்டம் நடத்துவோர் கட்டிக்கொள்கின்றனர். 'ஸ்போர்ட்ஸ்', 'டிரெஸ்' என்பவை கடிகாரத்தின் குணங்கள் அல்ல. அதை எந்த வகுப்பார் எந்தக் காலத்தில் எங்கே அணிந்தார்கள் என்பதன் சுவடுகள்.

இனி நம் கதைக்கு வருவோம். திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயன் அது. அதற்கடுத்த ஆண்டு, 1961-ல், பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தயாரித்த முதல் தொகுதிக் கைக்கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். எந்திரங்களைச் செய்யும் எந்திரங்களுக்காக 1953-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு கடிகாரத்தில் இறங்கியது. அதன் புகழ்பெற்ற மாதிரிக்கு 'ஜனதா' என்று பெயர். மக்கள் என்று பொருள். மெலிந்த வட்டம், வெள்ளை டயல், நீலமோ கறுப்போ ஆன முட்கள், நொடிக்கு ஐந்தாக மணிக்கு 18,000 துடிப்பு, தினம் ஒருமுறை சாவி. உராய்வைக் குறைக்கச் செயற்கை மாணிக்கங்கள் 17. 'பதினேழு கல்லு' என்று பெருமையாகச் சொல்வார்கள். கல் என்றதும் மூக்குத்திக் கல்லை நினைத்துக்கொண்டு, பழுதுபார்ப்பவர் அதைத் திருடிவிடுவார் என்று அவர் கடையிலேயே உட்கார்ந்து காவல் காத்தவர்களும் உண்டு.

இந்த ஜனதாவை ஒரு கணம் கடைக்காரரின் இரண்டாவது தட்டில் வைத்துப் பாருங்கள். இன்று அவர் 'விண்டேஜ் டிரெஸ் வாட்ச்' என்று விற்பதன் அச்சு அசல் இதுவே. ஆனால் இதை விருந்துக்கு யார் அணிந்தார்? ஆரம்பப் பள்ளி ஆசிரியர், பேருந்து நடத்துநர், கூட்டுறவு வங்கி எழுத்தர், ஷிப்டுக்குச் செல்லும் ஆலைத் தொழிலாளி. ஓய்வுபெறும் நாளில் சங்கத்தார் சேர்ந்து வாங்கிக் கொடுப்பதும் கடிகாரமே. (இனி நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவருக்கு ஏன் கடிகாரம் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.) வியர்வையோ மழையோ புகுந்தால் தாங்காத கூட்டோடு, வியர்வையிலும் மழையிலும் வேலை செய்தவர்களின் கையில் அது இருந்தது. டயலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் சாவி கொடுத்தார்கள்.

தானே ஓடும் கடிகாரம் எங்கே இருந்தது? எச்.எம்.டி. அதையும் செய்தது. அவற்றுள் பெயர் பெற்றதற்குக் 'கஞ்சன்' என்று பெயர். பொன் என்று பொருள்படும் வடசொல்; தமிழில் எழுதினால் உலோபி ஆகிவிடுகிறது. மாமனார்கள் கடன்பட்டு வாங்கிய பொருளுக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததை மொழியின் குறும்பு என்றே கொள்ள வேண்டும். கிழமையும் தேதியும் காட்டும், சாவி வேண்டாம், பளபளக்கும் செயின். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியா முழுவதும் மாப்பிள்ளை வீட்டார் பெயர் சொல்லிக் கேட்ட கடிகாரங்களுள் அது ஒன்று. கேட்டவுடன் கடையில் கிடைக்காது. கூடுதல் விலை கொடுத்து வாங்கியதை அக்காலத்தவர் இன்றும் சொல்வர். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருவோர் கையில் சீக்கோ ஃபைவ் வந்தது. 1963-ல் ஜப்பானில் அறிமுகமான அது தானே ஓடும், நனைந்தாலும் தாங்கும், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் காட்டும். திருகைச் சுற்றும் வேலையே இல்லை என்பதால் அதை மூன்று மணி இடத்திலிருந்து நான்கு மணி இடத்துக்கு இறக்கி ஒளித்துவைத்திருப்பார்கள். சென்னைப் பர்மா பஜாரில் விசாரித்தால் அதுவும் கிடைக்கும்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. கையை ஓயாமல் அசைப்பவனுக்கென்று, வியர்வைக்கும் தூசிக்கும் அஞ்சாமல் இருக்கவென்று கண்டுபிடிக்கப்பட்ட கடிகாரம், நம்மூரில் பீரோவுக்குள் சென்றது. கல்யாணத்தன்று கட்டினார்கள், தீபாவளிக்குக் கட்டினார்கள், மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குக் கட்டினார்கள். மற்ற நாள்களில் பட்டுப்புடவை மடிப்புக்குள் அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடந்தால் ஆட்டோமேட்டிக் இரண்டு நாளைக்குள் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு விசேஷத்துக்கும் நேரம் வைத்து, தேதி வைத்து, கிழமையைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து, பிறகு கட்ட வேண்டும். நெல் மூட்டை சுமக்கும் கையில் ஜனதா. பட்டு வேட்டியோடு சேர்ந்து ஆட்டோமேட்டிக். எது 'டிரெஸ்', எது 'ஸ்போர்ட்ஸ்'?

இரண்டையும் ஓரங்கட்டியது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. இங்கே அதன் முழுவீச்சு எண்பதுகளில்தான் தெரிந்தது. திருத்தணியிலிருந்து பார்த்தால் அது மூன்று மாநிலங்களின் போட்டி போலத் தோன்றும். கர்நாடகத்திலிருந்து எச்.எம்.டி.; ஆந்திர அரசு நிறுவனமான ஐதராபாத் ஆல்வின் சீக்கோவோடு கூட்டுச் சேர்ந்து செய்த ஆல்வின்; 1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கி ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன். எல்லைக்காகப் போராடிய ஊர், கடிகாரத்தில் எந்த எல்லையும் பார்க்கவில்லை. டைட்டன் தொடக்கத்திலேயே குவார்ட்ஸில் ஊன்றி நின்றது, கடிகாரத்தைப் பரிசுப்பொருளாக விளம்பரப்படுத்தியது, வென்றது. எச்.எம்.டி. சாவியை விட மனமின்றி நெடுநாள் தயங்கியது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் அளித்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் 2019-ல் திறந்த எச்.எம்.டி. அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்தை வரிசையாகக் காணலாம்.

ஆக, இன்று இவ்விரு தட்டுகளிலிருந்து தேர்ந்தெடுப்பவருக்கு நேரம் பார்ப்பது ஒரு காரணமே அல்ல. அதற்குக் கைப்பேசி இருக்கிறது. வேறு ஏதோ ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்கிறார். அது என்னவென்று எனக்குத் துலங்கியது என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் திருமணப் பேச்சில். பையன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெண்ணின் தந்தை ஆர்.கே.பேட்டைக்கு அருகே விசைத்தறி ஓட்டுபவர். மாப்பிள்ளைக்குக் கடிகாரம் வாங்கும் பேச்சு வந்தது. பையன், ரோமன் எண்களும் தோல் வாரும் கொண்ட மெலிந்த பழம்பாணிக் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறார். பெண்ணின் தந்தை முகம் சுருங்கிவிட்டது. "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாமா கேட்டுக்குவார்" என்று பையன் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாப்பிள்ளைக்கு யாராவது பெல்ட்டு வாட்ச்சு வாங்கிக் குடுப்பாங்களா சார்? செயின் வாட்ச்சு, ஆட்டோமேட்டிக்கா இருக்கணும்." பிறகு பேச்சு வாக்கில் மற்றது வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் திருமணம். மூத்த மருமகனுக்குக் கஞ்சன் வாங்கிய மாமனார், இவர் முறை வந்தபோது கையில் பணமின்றி ஜனதா வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு விசேஷத்திலும் சகலையின் கையில் அது மின்னும். இவர் தம் கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொள்வார். அந்த ஜனதாவைத் தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசிக்கு நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டியிருக்கிறார். இப்போது தம் மருமகன் தேடி விரும்பி, அதைவிடப் பல மடங்கு விலையில், அதே முகத்தைக் கேட்கிறார். அவருக்கு அது பரிகாசமாகப் படாமல் வேறு எப்படிப் படும்?

இந்த இடத்தில் அழகியல் பேசிப் பயனில்லை. மெலிந்த கடிகாரத்தின் அடக்கத்தை, ஆடம்பரமின்மையின் நேர்த்தியை நானும் அறிவேன். என் கண்ணுக்கும் அதுவே அழகு. ஆனால் எளிமையை அழகாகக் காண்பதற்கு, அந்த எளிமை ஒருவர்மேல் திணிக்கப்படாதிருந்திருக்க வேண்டும். நம் இலக்கியக் கூட்டங்களில் கைத்தறி வேட்டியையும் மண்பானையையும் போற்றுபவர்கள் (நானும் அவர்களுள் ஒருவன்) இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். மாணவரிடம் ஆட்டோமேட்டிக்கையே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பரிசு என்பது பெறுபவரின் ரசனையைவிடக் கொடுப்பவரின் கடனோடு அதிகம் தொடர்புடையது. அந்த மனிதர் முப்பது ஆண்டுகளாக வாங்க நினைத்த கடிகாரம் அது. அதோடு, அதைப் பீரோவில் வைக்காமல் தினமும் கட்டுமாறும் சொன்னேன்.

கட்டுவதற்கு அதுவே உகந்தது என்பதும் உண்மை. இங்கே கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து படியேறிச் சரவணப் பொய்கையில் முழுகுபவருக்குத் தோல் வார் ஒரு மாதம் தாங்காது. விரதக்காரர்களில் சிலர் தோலை அணிவதும் இல்லை. கூட்டில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. குளிக்க, நீந்த 100 மீட்டர் என்றிருப்பதை வாங்க வேண்டும். 2019-ல் புதுப்பித்து வந்த சீக்கோ ஃபைவ் ஸ்போர்ட்ஸ் அத்தகையது. பழைய ஃபைவ் போலன்றி அதற்குத் திருகால் சாவியும் கொடுக்கலாம். எந்திரக் கடிகாரம் எதுவாயினும் நாளொன்றுக்குச் சில நொடிகள் முன்பின் ஆகும். அதைப் பொறுக்க முடியாதவர் குவார்ட்ஸுக்குப் போய்விடுவது நல்லது.

பழம்பாணியே வேண்டும் என்பவர்கள் முதலில் ஒன்று கேட்க வேண்டும்: உள்ளே இருப்பது வில்லா, பேட்டரியா? பழைய முகத்தை ஒட்டிவைத்து உள்ளே பேட்டரி ஓடும் கடிகாரங்கள் ஏராளம். என் எண்ணம், புதிதாகச் செய்த பழமையைவிட உண்மையாகவே பழையதை வாங்குவது மேல். ஆனால் இணையத்தில் 'பழைய எச்.எம்.டி.' என்று மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும் டயல்களோடு விற்பவற்றுள் பெரும்பாலானவை வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து மேலே புதுப்பூச்சுப் பூசியவை. எழுத்தின் விளிம்புகள் மசங்கியிருக்கும், நிமிடக் கோடுகள் முட்களோடு ஒத்துவராது. அதற்கு உங்கள் வீட்டுப் பரணையிலோ சித்தப்பாவின் பெட்டியிலோ தேடுவது நல்லது. கிடைத்தால் உடனே சாவி கொடுத்து ஓடவிடாதீர்கள். பல ஆண்டு உலர்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சுகள் தேயும். பிரித்துக் கழுவி எண்ணெயிட்டுத் தரத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் ரயிலடிகளுக்கு அருகே, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கண்ணாடியை மாற்றச் சொல்லுங்கள், வாரை மாற்றச் சொல்லுங்கள். வியர்வை பட்டுப் பழுத்த டயலை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.